பொது சைக்கிளுக்குச் சந்தா கட்டலாமா?

கேள்வி: பாபநாசத்திலிருந்து தினமும் ரயிலில் தஞ்சாவூர் போய் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஸ்டேஷனிலிருந்து கடை இரண்டரை கிலோமீட்டர். நகரில் ஆங்காங்கே சைக்கிள்களை நிறுத்தி வைத்து, செல்போன் செயலியால் பூட்டைத் திறந்து ஓட்டும் சேவையை ஒரு நிறுவனம் தொடங்குகிறதாம். மூன்று மாதச் சந்தாவும் 500 ரூபாய் முன்பணமும் கேட்கிறார்கள். சேரலாமா?
- ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: சைக்கிளைப் பார்ப்பதற்கு முன் நிறுத்தத்தைப் பாருங்கள். ஸ்டேஷன் வாசலில் ஒன்று கட்டாயம் வைப்பார்கள். உங்கள் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறதா? பாரிஸில் 2007-இல் ‘வெலிப்’ என்ற பொது சைக்கிள் சேவை தொடங்கியபோது ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு நிறுத்தம் அமைத்தார்கள். சைக்கிளை விட்டபிறகு முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டுமென்றால் பத்து நாள் நடப்பீர்கள். பதினோராம் நாள் ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுவீர்கள்.

அடுத்த சிக்கல் காலை ரயில். இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊருக்குள் போகிறவர்கள். வரிசை பத்து நிமிடத்தில் காலியாகிவிடும். மாலையில் நேர்மாறு: ரயிலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சைக்கிளை விட இடம் இருக்காது. சைக்கிள்களை வண்டியில் ஏற்றி இங்குமங்கும் மாற்றி நிரப்பினால்தான் இது சரியாகும். செலவு பிடிக்கும் வேலை என்பதால் முதலில் கைவிடப்படுவதும் அதுதான். ஆகவே பணம் கட்டுமுன் மூன்று நாள் உங்கள் ரயில் நேரத்தில் நின்று எண்ணிப் பாருங்கள். எண்ணினால் மட்டும் போதாது. டயரை அழுத்துங்கள், பிரேக்கைப் பிடியுங்கள், சீட்டை உயர்த்தும் பிடி துருவேறி இறுகியிருக்கிறதா என்று திருகிப் பாருங்கள். எட்டு சைக்கிள் நிற்கும் வரிசையில் ஓட்டக்கூடியது மூன்று என்றால் கணக்கு மூன்றுதான். புடவை கட்டுபவர் என்றால் குறுக்குக் கம்பி இல்லாத சட்டமும், செயினுக்கு முழு மூடியும் தேவை. பஞ்சராகாத கெட்டி டயர் என்று பெருமையாகச் சொல்வார்கள்; ஒட்டுப்போட்ட சாலையில் அதன் அதிர்ச்சி முதுகெலும்புக்குத் தெரியும்.

டெல்டாவின் தரை நமக்குச் சாதகம். பாரிஸில் மேட்டுப் பகுதியிலிருந்து சைக்கிளில் இறங்குவார்கள், மேட்டுக்கு மிதித்துக்கொண்டு போய் விடுவதற்கு ஆள் குறைவு. நமக்கு ஏற்றம் என்றால் ஆற்றுப்பாலம்தான். வெயிலும் மழையும்தான் எதிரி. மூன்று மாதச் சந்தாவை ஐப்பசியில் தொடங்காதீர்கள், பாதி நாள் நனைந்து போகும். தையில் தொடங்குங்கள்.

இன்னொன்று: சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் வழியில் அந்தப் பேருந்து நேரத்துக்கு வந்தால், சந்தா எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதோடு போட்டியிட முடியாது.

என் கருத்து: தினமும் ஒரே வழியில் போய் வருபவருக்குப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கித் தஞ்சாவூர் ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டுவைப்பதே நல்லது. இரவில் அது அங்கேயே நிற்கட்டும். ஸ்டாண்டின் மாதக் கட்டணத்தையும் சந்தாவையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். பொது சைக்கிள், எப்போதாவது ஒரு வழி மட்டும் போகிறவருக்கும் கோயில் பார்க்க வருபவருக்கும் பொருந்தும்.

கேள்வி: முன்பணம் கொடுத்தால் திரும்பி வருமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் கடையில் முன்பணமே கிடையாது. மட்கார்டில் எண் எழுதிய சைக்கிள், நோட்டில் உங்கள் பெயர், எடுத்த நேரம், “யார் வீட்டுப் பிள்ளை?” என்பதுதான் ஜாமீன். செயலிக்கு உங்களைத் தெரியாது, பணத்தைத்தான் தெரியும். சீனாவின் ஓஃபோ என்ற பொது சைக்கிள் நிறுவனம் ஒருவருக்கு 99 யுவான், பிறகு 199 யுவான் என்று முன்பணம் வாங்கியது. 2018 டிசம்பரில் அதைத் திரும்பக் கேட்டு பெய்ஜிங் அலுவலக வாசலில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டு அது இந்தியாவை விட்டும் போய்விட்டது.

முன்பணம் இல்லாத திட்டம் இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்ற வரியை நிபந்தனைகளில் தேடி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். தராமல் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அதற்கும் மசியவில்லையா? நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 500 ரூபாய் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.