முட்டிவலி உள்ள அம்மாவோடு பூஜாங் பள்ளத்தாக்கு

வணக்கம். பீடோங் தோட்டத்தில் மாமா வீட்டில் தங்கியிருக்கிறீர்கள், முட்டிவலி உள்ள அம்மாவை மலேசியாவின் கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கு இடிபாடுகளுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். நேராக மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். புக்கிட் பத்து பஹாட் சண்டி, அதாவது பழங்காலக் கோயில், அங்கே மேட்டில் இருக்கிறது. மழை பெய்தால் படி வழுக்கும், காலையிலேயே போய்விடுங்கள். அம்மாவால் ஏற முடியாவிட்டாலும் பரவாயில்லை. வேறு இடங்களில் கிடைத்த சண்டிகளையும் அந்த வளாகத்திலேயே கொண்டுவந்து அமைத்திருக்கிறார்கள். எஞ்சியிருப்பது கல் அடித்தளமும் தூண் பீடங்களும்தான், மரக்கூரை என்றைக்கோ மக்கிவிட்டது.

அப்புறம், போகும் வழியில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்பியவர்கள் கடாரத்து அரசர்கள், கடாரம் என்பது இந்தக் கெடாதான், அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தவன் முதலாம் ராஜராஜன். அந்தக் கற்களின் முன் நின்றபோது இதை நினைத்துத்தான் எனக்குக் கண் கலங்கியது.