கடற்கரைப் பெண்ணும் தோட்டத்துப் பையனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பதின்வயதினருக்காக ஒரு காதல் நாவல் எழுதி வருகிறேன். குமரி மாவட்டத்தில் குளச்சலை அடுத்த மீனவக் கிராமத்துப் பெண். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் உள்ள வீட்டுப் பையன். அவள் கத்தோலிக்கக் குடும்பம், அவன் இந்துக் குடும்பம். தக்கலையில் டியூஷன் வகுப்பில் சந்திக்கிறார்கள். இருவருக்கும் பதினேழு வயது. படித்துப் பார்த்த தோழிகள், அப்பா எதிர்ப்பதும் இருவரும் ஓடிப்போவதும் எத்தனையோ முறை வந்துவிட்ட கதை என்கிறார்கள். இரண்டு உலகங்களின் இடைவெளியை வேறு எப்படிக் காட்டுவது?

ம., கருங்கல்

அன்புள்ள ம.,

நீங்கள் அனுப்பிய அத்தியாயங்களைப் படித்தேன். பையன் முதன்முறையாக அவளுடைய ஊருக்கு வரும் இடத்தில், வள்ளத்தையும் வலையையும் மீன் ஏலத்தையும் அயல்நாட்டுக்கு வந்தவனைப் போல வியந்து பார்க்கிறான். என் நம்பிக்கை தளர்ந்தது அங்கேதான். குளச்சலுக்கும் குலசேகரத்துக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. அவன் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு அவிந்தால் தொட்டுக்கொள்ளச் சாளை மீன் வேண்டும். அந்தச் சாளை அவள் ஊர்க் கரையிலிருந்து, ஐஸ் பெட்டி வைத்த வண்டிகள் வருவதற்கு முன்பு, பெண்களின் தலைச்சுமையாகத்தான் மேற்கொண்டு உள்நாட்டுக்குப் போயிற்று. அவனுடைய பாட்டிக்கு அப்படி மீன் கொண்டுவந்த பெண்ணின் பெயர் தெரியும், அவளுடைய மகளின் திருமணக் கடன் எவ்வளவு என்பதும் தெரியும். மீன்காரப் பெண்ணுக்கும் எந்த வீட்டில் கடுமையாகப் பேரம் பேசுவார்கள், எந்த வீட்டில் வெயில் தாழும்வரை இருந்துவிட்டுப் போகச் சொல்வார்கள் என்பது மனப்பாடம். ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடித்த அந்தப் பழக்கம் முற்றத்தோடு நின்றது. அவளை யாரும் உள்ளே அழைக்கவில்லை, அவளும் உள்ளே போக எண்ணவில்லை.

ஆகவே உங்கள் இரண்டு உலகங்களும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. எவ்வளவு நெருங்கலாம் என்று தலைமுறைகளாக அளந்து வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குள் நன்றாகவே பழகியவை. உங்கள் பெண் அந்த வீட்டுப் படியேறும்போது, பையனின் பாட்டி அன்போடு, “மக்களே, நீ யாருக்க பேத்தி?” என்று கேட்கட்டும். பதிலைக் கேட்டதும் அந்த முதியவளுக்குப் பழைய மீன்காரப் பெண்ணின் நினைவும் மகிழ்ச்சியும் வரட்டும்; கூடவே, நாற்காலியில் உட்காரச் சொல்வதா வேண்டாமா என்ற தடுமாற்றமும் வரட்டும். நீங்கள் எழுதியிருக்கும் அப்பாவின் கூச்சலைவிட இது கடினமான தடை என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் கூச்சலிடுகிறவரை எதிர்க்கலாம், அன்பாக இருப்பவரை எதிர்க்கப் பதினேழு வயதுக்கு வழி தெரியாது.

இன்னொன்று, ஒரே நிகழ்வு இரண்டு வீடுகளுக்கும் வெவ்வேறு விதமாக வந்து சேர்வது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது உங்கள் பாத்திரங்களுக்கு ஒன்பது வயது இருக்கும். அந்தக் காற்றில் உள்நாட்டில் ரப்பர் மரங்களும் வாழைகளும் சாய்ந்தன. கடலுக்குப் போயிருந்த எத்தனையோ பேர் திரும்பவில்லை. ரப்பர் நட்டால் ஏறத்தாழ ஏழு ஆண்டில் பால் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்க, தொடங்கலாம். புயலுக்குப் பின் அவன் வீட்டில் நட்ட கன்றுகள், அவன் அவளைச் சந்திக்கும் வயதில் வெட்டுக்கு வருகின்றன, அந்த வீட்டின் இழப்பு கிட்டத்தட்ட ஈடுகட்டப்படுகிறது. அவள் வீட்டில் திரும்பாத ஒருவர் இருந்தால் அதற்கு எந்த ஆண்டில் ஈடு? புயலைப் பற்றி இருவரும் பேசத் தொடங்கி, ஒரு கட்டத்தில் அவன் வாயடைத்துப் போகும் உரையாடலை நீங்கள் எழுதியே ஆக வேண்டும்.

பணத்தையும் இப்படியே கவனியுங்கள். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அதே மாதங்களில் மழை பிடித்துக்கொள்வதால் பால்வெட்டும் அடிக்கடி நின்றுபோகிறது. பள்ளிகளும் அப்போதுதான் திறக்கின்றன. இரண்டு வீட்டிலும் வரவு குறைவு என்றாலும், டியூஷன் கட்டணத்தை அடுத்த மாதம் தருவதாக அவனால் தயக்கமின்றிச் சொல்ல முடியும். அவள் காரணம் சொல்லாமல் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிடுவாள்.

1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட மதக்கலவரத்தை ஒரு வரியில் தொட்டுச் சென்றிருக்கிறீர்கள். அதை விரிக்க வேண்டியதில்லை. ஆனால் இவர்களுடைய தாத்தாக்கள் அப்போது இளைஞர்கள் என்பதை மறக்காதீர்கள். பேச்சு அந்த ஆண்டை நெருங்கும்போதெல்லாம் இரண்டு வீட்டிலும் ஒருவர் எழுந்து வெளியே போனால் போதும்.

முடிவைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஓடிப்போக வைக்காதீர்கள். சட்டப்படி திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. பதினேழு வயதினர் ஓடிப்போனால் அடுத்த அத்தியாயத்தில் காவல் நிலையமும் குழந்தைகள் நலக் குழுவும்தான் வரும், அவர்களுடைய காதலைப் பற்றி எழுத உங்களுக்கு இடமே இருக்காது. இதைப் படிக்கப்போகிறவர்களும் அதே வயதுப் பிள்ளைகள். வயதுக்கு மீறிய ஒரு வாழ்க்கையைத் தலையில் ஏற்றாமலே காதல் மதிப்புடையதாக இருக்க முடியும் என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து அவள் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியிலும் அவன் வேறோர் ஊரிலும் சேரும் இடம்வரை கதை வந்தாலே போதுமானது. முதலில் அந்தப் பாட்டியின் அத்தியாயத்தை எழுதுங்கள். முடித்ததும் அனுப்பினால் மகிழ்ச்சியோடு படிப்பேன்.