நர்சரியில் பட்டாம்பூச்சி மொய்த்த செடி, வீட்டுக்கு வந்ததும் ஏன் வெறிச்சோடிப் போகிறது?

வசந்த காலத்தில் நர்சரிக்குப் போனபோது ஒரு லாண்டானா செடியைச் சுற்றி ஏழெட்டுப் பட்டாம்பூச்சிகள் பறந்தன, ஆசைப்பட்டு அதையே வாங்கி வந்தேன், இரண்டு வாரமாகியும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வருடம் எனக்கும் இதேதான் நடந்தது. செடியில் கோளாறு எதுவும் இல்லை. அந்த ஒரு தொட்டியை நம்பி அவை அங்கே வரவில்லை, அந்த இடத்தை நம்பி வந்தன.

அடுத்த முறை போகும்போது எதையும் வாங்காமல் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வெயில் ஏறிய பிறகுதான் அவை சுறுசுறுப்பாகும். உடல் சூடு ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் பறக்கும் தசைகள் ஒழுங்காக வேலை செய்யும். காலையில் இறக்கையை விரித்து அசையாமல் உட்கார்ந்திருப்பது இந்தச் சூட்டுக்காகத்தான். நர்சரியில் திறந்த வெயில் இருக்கிறது, ஒரே நிறத்துப் பூ நூறு தொட்டியில் வரிசையாக நிற்கிறது, தூரத்திலிருந்தே கண்ணில் படும். தரையையும் கவனியுங்கள். தண்ணீர் ஊற்றி ஊற்றி நனைந்த மண்ணில் சில பட்டாம்பூச்சிகள் உட்கார்ந்து எதையோ உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஆண்கள்தான். பூந்தேனில் உப்புச்சத்து மிகக் குறைவு என்பதால் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. இத்தனையும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது, பால்கனி மூலையில் நிழலில் இருக்கும் ஒற்றைத் தொட்டி அவற்றுக்குத் தெரியவே தெரியாது.

உங்கள் லாண்டானாவையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மஞ்சளும் சிவப்பும் கலந்த வகையாக இருந்தால், கொத்தின் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்பும் இருக்கும். மஞ்சள்தான் புதிதாக விரிந்த பூ, தேன் அதில்தான். மகரந்தச் சேர்க்கை முடிந்த பூ நிறம் மாறிவிடும், ஆனால் உதிராமல் கொத்திலேயே நின்று தூரத்திலிருந்து வருபவர்களுக்கு அழைப்புக் காட்டும். பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்ததும் உறிஞ்சுகுழலை மஞ்சள் பூக்களில் மட்டும் ஒவ்வொன்றாக விட்டு எடுப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், அலுத்ததே இல்லை. (ஒன்று மட்டும், காய் பிடித்தால் கிள்ளிவிடுங்கள். பறவை தின்று வெளியே பரப்பினால் மற்ற செடிகளை அமுக்கிவிடும்.) அடுக்கு அடுக்காக இதழ் வைத்த செண்டுமல்லி, ஜின்னியா வகைகள் நம் கண்ணுக்கு அழகு, ஆனால் தேன் இருக்கும் இடத்தை அந்த இதழ்களே மூடிவிடும். ஒற்றை அடுக்குப் பூவாகப் பார்த்து வாங்குங்கள்.

இதெல்லாம் பாதிதான். பூ என்பது பட்டாம்பூச்சிக்குச் சாப்பாட்டுக் கடை மாதிரி, சாப்பிட்டுப் போய்விடும். அது தங்கவேண்டும் என்றால் முட்டையிட இலை வேண்டும்.

எனக்கு இது புரிந்ததும் ஒரு நர்சரியில்தான். பூச்செடிகளைத் தாண்டி எலுமிச்சைக் கன்றுகள் இருந்த பக்கம், கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுப் போட்ட ஒன்று இலை இலையாகத் தொட்டுத் தொட்டுப் பறந்துகொண்டிருந்தது. பூ எதுவும் இல்லாத இடத்தில் என்ன தேடுகிறது என்று நின்றேன். பட்டாம்பூச்சிக்குக் காலில் சுவை தெரியும். முன்காலால் இலையைத் தட்டிப் பார்த்து, தன் புழு தின்னக்கூடிய செடிதான் என்று உறுதி செய்துகொண்டு, இளந்தளிரில் வயிற்று நுனியை வளைத்து வைத்தது. ஒரு விநாடி. கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று அங்கே ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே இலை அரிபட்ட கன்று ஒன்று ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. அதை எடுத்தேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா, "அது பூச்சி அரிச்சதுங்க, நல்லதா வேற எடுத்துக்கோங்க" என்றார். "எனக்கு இதுதான் வேணும்க்கா" என்று, முட்டை ஒட்டியிருந்த கன்றையும் சேர்த்து இரண்டையும் வாங்கி வந்தேன்.

அந்த இலைகளில் பறவை எச்சம் போல இருந்தவை எல்லாம் புழுக்கள். வளர்ந்ததும் பச்சையாக மாறின. லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கொம்பு இரண்டை நீட்டி நாற்றம் விடும், அதுதான் அவற்றின் தற்காப்பு. கன்று பாதி மொட்டையாகிவிட்டது. ஆனால் வேர் நன்றாக இருந்ததால் சீக்கிரமே துளிர்த்துக்கொண்டது. எலுமிச்சை, கறிவேப்பிலை வைத்தால் இந்த வகை வரும், எருக்கு வைத்தால் வரியன் வகைப் பட்டாம்பூச்சிகள் வரும்.

அப்புறம், வாங்கும்போது கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி, என்ன மருந்து அடித்தீர்கள் என்பது. இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் செடிக்குள்ளேயே ஊறி, இலையிலும் மகரந்தத்திலும் தேனிலும் வந்துவிடும், கழுவினால் போகாது. தேனீக்களுக்கு ஆபத்து என்று 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதையும் அதே குடும்பத்து இன்னும் இரண்டையும் திறந்தவெளிப் பயன்பாட்டுக்குத் தடை செய்தது. மருந்து அடித்த கன்றில் முட்டையிட்டால் பொரித்து வரும் புழு முதல் கடியிலேயே செத்துப்போகலாம். புழுவே படாத பளபளப்பான இலையைவிட ஓட்டை விழுந்த இலையை நான் நம்புவது இதனால்தான்.

உங்கள் தொட்டியை அதிக வெயில் விழும், காற்று அடிக்காத இடத்துக்கு மாற்றுங்கள். அதே நிறத்தில் இன்னும் மூன்று நான்கு செடி சேர்த்து நெருக்கமாக வையுங்கள். பக்கத்தில் ஒரு எலுமிச்சைக் கன்றும், தட்டில் ஈர மணலும் இருக்கட்டும். கொழுத்த பச்சைப் புழு ஒருநாள் திடீரென்று காணாமல் போனால் பதறவேண்டாம். தொட்டியின் விளிம்பிலோ பக்கத்துக் குச்சியிலோ தேடுங்கள். மரம் ஏறுபவர் இடுப்பில் கயிறு மாட்டிச் சாய்ந்து நிற்பது போல, இடுப்பைச் சுற்றிய பட்டு நூலில் சாய்ந்தபடி கூட்டுப்புழு அங்கே இருக்கும்.