ஆதன் என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் பேரனுக்கு ‘ஆதன்’ என்று பெயர் வைக்க மகனும் மருமகளும் விரும்புகிறார்கள். அகராதியில் அதற்கு ‘அறிவில்லாதவன்’, ‘குருடன்’ என்று பொருள் இருப்பதாகச் சொல்லி உறவினர் ஒருவர் தடுக்கிறார். இணையத்திலோ ‘சூரியன்’ என்கிறார்கள். எதை நம்புவது?
(வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். சூரியனைக் குறிப்பது ஆதவன். அது வேறு சொல். உறவினர் சொல்லும் பொருள்கள் அகராதியில் இருப்பவைதாம். ஆனால் அவை பிற்கால நிகண்டுகளின், அதாவது செய்யுளில் அமைந்த பழைய அகராதிகளின், வழியே வந்தவை. அவற்றுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், செல்வக்கடுங்கோ வாழியாதன் என்று சேர அரசர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். பெற்ற மகனை எந்த அரசன் அறிவிலி என்று அழைப்பான்? ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாடல்களும் ‘வாழி ஆதன் வாழி அவினி’ என்றுதான் தொடங்குகின்றன. வாழ்த்தில் முதலில் நிற்கும் பெயரை வசைச்சொல்லாகப் படிப்பது அநியாயம்.

அரசர்களுக்கு மட்டும் உரிய பெயராகவும் இது இருக்கவில்லை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ‘குவிரன்’, ‘ஆதன்’ ஆகிய பெயர்கள் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருப்பதைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. கரூர் மாவட்டம் புகளூரில், ஆறுநாட்டார் மலைக் குகையில், சமணத் துறவிக்காகக் கல்லை வெட்டிப் படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு, ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’யில் தொடங்கி மகன், பேரன் என்று மூன்று தலைமுறைகளை வரிசைப்படுத்துகிறது. குடத்தில் பெயர் கீறிய குடிமகனும் மலையில் பெயர் பொறித்த கோவும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.

தொல்காப்பியம் இதற்குத் தனி விதியே வகுத்திருக்கிறது. ‘ஆதனும் பூதனும்’ என்று தொடங்கும் எழுத்ததிகார நூற்பாவின்படி, ஆதன் என்பதோடு தந்தை என்பது சேரும்போது இடையிலுள்ள எழுத்துகள் மறைந்து ‘ஆந்தை’ என்றாகும்; பூதனோடு சேர்ந்தால் ‘பூந்தை’. ஆகவே, கோப்பெருஞ்சோழனின் உயிர்நண்பரான பிசிராந்தையாரின் பெயரில் இருப்பது பறவை அன்று; பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த, ஆதனுக்குத் தந்தையானவர் என்பதே அதன் பொருள். அந்தப் பெயரைப் படித்துச் சிரிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை ஆசிரியர்கள் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

‘ஆதன்’ எந்த வேரிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. அதற்காக ஒரு பொருளைப் புனைந்து ஒட்ட வேண்டிய தேவையும் இல்லை. உறவினர் மீண்டும் அகராதியை நீட்டினால், புறநானூற்றின் 71ஆம் பாடலைப் படித்துக் காட்டுங்கள். போரில் தோற்றால் எதையெல்லாம் இழப்பேன் என்று வஞ்சினம் கூறும் பூதப்பாண்டியன், தன் கண்போன்ற நண்பர்களின் பெயர்களைச் சொல்லும்போது, மன்னெயில் ஆந்தையோடு ஆதன் அழிசியையும் சேர்த்தே சொல்கிறான்.