ஏற்றுவதைவிடப் பிடித்து வைப்பதுதான் பெரிய வேலை: ரோலர் கோஸ்டர் லிஃப்ட் பற்றிய கேள்வி பதில்

ரோலர் கோஸ்டர் ரயிலை முதல் உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற அமைப்பை லிஃப்ட் என்போம். அதை வடிவமைப்பதும், கட்டி முடித்தபின் சோதித்துப் பார்ப்பதும் என் வேலை. இப்போது 60 மீட்டர் உயரமுள்ள ஒரு புதிய கோஸ்டருக்குச் சங்கிலி லிஃப்ட் வரைந்துகொண்டிருக்கிறேன். அதைச் சொன்னதும் பலரும் கேள்வி அனுப்பினீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஏறும்போது ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம் வருமே, அது சங்கிலி இழுக்கிற சத்தம்தானே?

பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். சங்கிலி தன் பள்ளத்துக்குள் கிட்டத்தட்ட சத்தமில்லாமல்தான் ஓடும். நீங்கள் கேட்பது பின்வாங்கல் தடுப்பின் சத்தம். தடத்தின் நடுவே ரம்பம் போலப் பற்கள் வரிசையாக இருக்கும். பெட்டிகளின் அடியில் கீல் போட்ட இரும்பு நாக்குகள் தொங்கும். ரயில் மேலே போகப் போக நாக்கு ஒவ்வொரு பல்லின் மீதும் ஏறி, அடுத்த பள்ளத்தில் விழும். அந்த விழுகைதான் ‘டக்’. சங்கிலி அறுந்தாலும், மோட்டார் நின்றாலும் ரயில் பின்னால் உருண்டு போகாது. மிஞ்சிப்போனால் ஒரு பல் தூரம் சறுக்கும்.

அமெரிக்காவின் ஜான் மில்லர் 1910 வாக்கில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் இதன் அடிப்படை மாறவில்லை. மின்சாரம் வேண்டாம், சென்சார் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். புவியீர்ப்பே நாக்கைக் கீழே தள்ளுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

கேள்வி: சில புது கோஸ்டர்களில் அந்தச் சத்தமே இல்லையே. தடுப்பை எடுத்துவிட்டார்களா?

எடுக்கவே மாட்டார்கள். நாக்கோடு ஒரு காந்தத்தை இணைத்து, அதை ஓர் உலோகத் தகட்டை ஒட்டி நகரவிடும் ஏற்பாடு உண்டு. ரயில் முன்னால் போகும்வரை காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடையே பிறக்கும் இழுவை நாக்கைத் தூக்கியே வைத்திருக்கும். ரயில் நின்ற கணமே இழுவை போய்விடும், நாக்கு தானாகப் பல்லில் விழும். அக்கம்பக்கத்தில் குடியிருப்போருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் சத்தம் வந்தவரை, ஒரு நாக்கு ஒழுங்காக விழுகிறதா என்று பராமரிப்பு ஊழியர் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்த வசதி போய்விட்டதால், கையால் தூக்கிப் பார்க்கும் தினசரிச் சோதனையை இன்னும் கண்டிப்பாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

கேள்வி: பொறியியல் மாணவன் நான். மோட்டாரின் அளவை எப்படி முடிவு செய்கிறீர்கள், சார்?

என் மேசையில் இருக்கிற கணக்கையே சொல்கிறேன். ஆட்களோடு சேர்த்து ரயில் 10 டன், உயரம் 60 மீட்டர், சரிவு 30 பாகை. மேலே கொண்டுபோகத் தேவையான ஆற்றல் ஏறக்குறைய 59 லட்சம் ஜூல். கேட்கப் பெரிதாக இருக்கும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓட்டுகிற மின்சாரம்தான் அது.

30 பாகைச் சரிவில் தடத்தின் நீளம் 120 மீட்டர். சங்கிலி நொடிக்கு 2.5 மீட்டர் ஓடினால் ஏற 48 நொடி. அப்படியென்றால் சுமார் 123 கிலோவாட். சங்கிலி உராய்வு, கியர்பாக்ஸ் இழப்பு, பாதியில் நின்ற முழுச்சுமை ரயிலை மறுபடி கிளப்புவது எல்லாவற்றையும் சேர்த்தால் 160 கிலோவாட்டைத் தாண்டும்.

மாணவர்கள் கோட்டை விடுகிற இடம் அந்தக் கடைசி விஷயம்தான். ஓடிக்கொண்டிருக்கிற ரயிலை இழுப்பது ஒன்று. சரிவின் நடுவில் நிற்கிற ரயிலை அசைப்பது வேறு. மோட்டாரை இரண்டாவதற்குத்தான் அளவெடுக்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவு மெதுவாக ஏற்றுவதற்குப் பதில், லாஞ்ச் முறையில் ஒரேயடியாகப் பாய்ச்சிவிடலாமே?

தாராளமாகச் செய்யலாம், செய்கிறார்கள். விலை மின்சாரத்தில் தெரியும். அதே 10 டன்னை அதே 60 மீட்டருக்கு வீசி ஏற்ற, தரைமட்டத்தில் குறைந்தது மணிக்கு 123 கிலோமீட்டர் வேகம் கொடுக்க வேண்டும். அதை 4 நொடியில் கொடுத்தால் சராசரி 1,470 கிலோவாட், கடைசி நொடியில் அதைப்போல இரண்டு மடங்கு. ஆற்றல் அதேதான், ஆனால் 48 நொடியில் கொடுத்ததை 4 நொடியில் கொட்டுகிறோம்.

இதை நேராக மின் இணைப்பிலிருந்து எடுப்பது கஷ்டம். அதனால் எங்காவது சேர்த்துவைக்க வேண்டும். ஆர்லாண்டோவில் 1999-இல் திறந்த ஹல்க் கோஸ்டர், டயர்களால் ரயிலைச் சரிவின் மேல்நோக்கியே உந்துகிறது. அதற்கான ஆற்றலைக் கனமான சுழல் சக்கரங்களில் சேமித்துவைக்கிறார்கள். அமெரிக்காவின் கிங்டா கா கோஸ்டர் 2005-இல் ஹைட்ராலிக் (திரவ அழுத்த) முறையில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்தில் 139 மீட்டர் உச்சிக்கு ரயிலை வீசியது. வேகம் துளி குறைந்தால் ரயில் உச்சியைத் தாண்டாமல் வந்த வழியே திரும்பிவிடும். அதற்காகவே, ரயில் கடந்ததும் தடத்தில் பிரேக் தகடுகள் மேலே எழும்பி நின்றன. திரும்பி வருவதையும் முன்கூட்டியே யோசித்துக் கட்டியிருந்தார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. 2007-இல் சிடார் பாயிண்ட் பூங்காவில் திறந்த மேவரிக், சங்கிலியே இல்லாமல் நேர்கோட்டு மின்மோட்டாரால், அதாவது தடம் நெடுக வைத்த மின்காந்தங்களால், சரிவில் ஏறுகிறது. எனக்கு அது மிகவும் அழகான தீர்வு. ஆனால் கரண்ட் போனால் அந்தக் காந்தங்களுக்கு ரயிலைத் தாங்கிப் பிடிக்கிற சக்தி இல்லை. காந்த பிரேக்கும் அப்படித்தான். வேகம் இருந்தால்தான் அதற்கு விசை, நிற்கிற ரயிலை அதால் பிடிக்க முடியாது. சரிவில் ஒரு ரயிலை நிறுத்திவைக்க, கடைசியில் இரும்பு இரும்பைப் பிடித்தாக வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவின் மிலேனியம் ஃபோர்ஸ் கோஸ்டரில் சங்கிலிக்குப் பதில் கம்பிவடம் ஏன்?

2000-இல் அது திறந்தபோது 94 மீட்டருக்கு மேல் உயரம், 45 பாகைச் சரிவு. உயரம் கூடக்கூடச் சங்கிலி தன்னையே சுமக்க வேண்டியிருக்கும். மீட்டருக்கு 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், 95 மீட்டர் உயரத்தில் உச்சிச் சக்கரத்துக்கு அருகே சங்கிலியின் சொந்த எடையே கிட்டத்தட்ட 1.9 டன் இழுவை. இதில் சரிவின் கோணம் கணக்கில் வராது, செங்குத்து உயரம் மட்டும்தான். கம்பிவடம் அதே வலுவுக்கு மிகவும் இலேசு, வேகமாகவும் இழுக்கும்.

குறை என்னவென்றால், வடத்தில் ஒரே ஒரு இழுவை வண்டி. அது ரயிலை உச்சியில் விட்டுவிட்டுக் கீழே வந்து சேரும்வரை அடுத்த ரயில் காத்திருக்க வேண்டும். சங்கிலி வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் கொக்கி மாட்டலாம். 2015-இல் 99 மீட்டரில் திறந்த ஃப்யூரி 325 என்ற கோஸ்டர் சங்கிலியால்தான் ஏறுகிறது. ஆக, உயரத்தை வைத்து மட்டும் இதை முடிவு செய்துவிட முடியாது.

கேள்வி: பாதி வழியில் கரண்ட் போனால் என்ன ஆகும்? என் மகள் ஆசைப்படுகிறாள், எனக்குத்தான் பயம்.

நியாயமான பயம், அம்மா. விவரமாகவே சொல்கிறேன்.

மோட்டார் பிரேக்கை ஸ்பிரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். மின்சாரம் இருந்தால்தான் பிரேக் விடும். கரண்ட் போனதும் அது தானாகப் பிடித்துக்கொள்ளும், சங்கிலி நிற்கும், ரயிலும் நிற்கும். அந்த பிரேக் தோற்றாலும் நாக்குகள் இருக்கின்றன. அடுத்த ரயில் லிஃப்டுக்குள் வராமல் கட்டுப்பாட்டு அமைப்பு தடுத்துவிடும். ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் என்பது மாற்ற முடியாத விதி. லிஃப்டின் ஓரத்தில் படிக்கட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேவைப்பட்டால் ஊழியர்கள் மேலே வந்து, ஒவ்வொருவராகப் பூட்டைத் திறந்து அதன் வழியே இறக்குவார்கள். எரிச்சலான அரை மணி நேரமாக இருக்கலாம், ஆனால் லிஃப்டில் நிற்கிற ரயில் பாதுகாப்பாகத்தான் நிற்கிறது.

கேள்வி: இந்தப் புதிய லிஃப்டில் உங்களுக்கு மிகவும் சிரமமாக இருப்பது எது?

பற்களின் இடைவெளி. சின்ன விஷயமாகத் தெரியும். 30 பாகைச் சரிவில் ரயில் 10 சென்டிமீட்டர் பின்னால் சறுக்கி ஒரு பல்லில் மோதினால், அப்போது அதன் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர். இடைவெளி 30 சென்டிமீட்டர் என்றால் வேகம் 1.7 மீட்டர், மோதலின் ஆற்றல் மூன்று மடங்கு. 10 டன்னின் அந்த மோதலை உள்ளங்கை அளவுள்ள ஓர் இரும்புத் துண்டு வாங்க வேண்டும். பல் நெருக்கமாக இருந்தால் மோதல் குறையும், ஆனால் பற்கள் மெலிந்துவிடும்.

அதனால் பல நாக்குகளை வைத்து, எல்லாம் ஒரே நேரத்தில் விழாதபடி கொஞ்சம் கொஞ்சம் முன்பின்னாகத் தள்ளி அமைக்கிறோம். பல் இடைவெளி 30 ஆக இருந்தாலும், ஏதாவது ஒரு நாக்கு 10 சென்டிமீட்டருக்குள் பிடித்துவிடும். ஆனால் அப்போது முதலில் பிடிக்கிற அந்த ஒன்றே முழு ரயிலையும் தாங்க வேண்டும். நான்கு இருக்கிறதே என்று சுமையை நான்கால் வகுக்கக் கூடாது. இளம் பொறியாளர்களின் வரைபடங்களில் நான் முதலில் தேடுவது அந்த வகுத்தலைத்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்காவில், தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்காரவைத்து, லிஃப்டின் நடுவில் வேண்டுமென்றே பிடியை விட்டுச் சோதித்தோம். ரயில் நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தால் ஒரு நாக்கு விழவே இல்லை. பழைய கிரீஸ் இறுகிக் கீலை ஒட்டவைத்திருந்தது. மற்ற நாக்குகள் காப்பாற்றின. அன்றிலிருந்து என் வரைபடங்களில் கீலுக்குக் கை போகும் அளவுக்கு இடம் விட்டிருப்பேன். பராமரிக்கிறவரின் கை எட்டாத பாகம், நாள் போகப் போகக் கவனிக்கப்படாத பாகமாகிவிடும்.

கேள்வி: உச்சியில் ரயிலைச் சங்கிலியிலிருந்து யார் கழற்றுவது?

யாரும் கழற்ற வேண்டியதில்லை. ரயிலின் பாதிக்கு மேல் உச்சியைத் தாண்டியதும் முன்பகுதியின் எடை இழுக்கத் தொடங்கும். ரயில் சங்கிலியைவிட வேகமாக ஓடும், கொக்கி தானாக விலகும். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் உச்சியிலேயே வெடுக்கென்று இழுக்கப்படுவதும், முன்வரிசை கொஞ்ச நேரம் தொங்கி நிற்பதும் இதனால்தான்.

கேள்வி: முதன்முதலில் லிஃப்ட் எப்போது வந்தது?

நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லாமார்க்கஸ் தாம்ப்சன் 1884-இல் திறந்த ஸ்விட்ச்பேக் ரயிலில் லிஃப்டே கிடையாது. பயணிகள் படியேறிப் போய்த்தான் பெட்டியில் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டே ஃபிலிப் ஹிங்கிள் நீராவியால் பெட்டியை மேலே இழுத்துக் காட்டினார்.

கேள்வி: சங்கிலி நாளடைவில் நீளும் என்கிறார்களே, இரும்பு எப்படி நீளும்?

இரும்பு நீளவில்லை. கண்ணிகளை இணைக்கிற ஆணியும் அதன் உறையும் தேய்கின்றன. ஒவ்வொன்றிலும் முடியளவு தேய்மானம் என்றாலும், நூற்றுக்கணக்கான கண்ணிகளில் அது சேர்ந்துவிடும். கீழே உள்ள சக்கரத்தை நகரும்படி வைத்து அந்தத் தளர்வை எடுத்துக்கொள்கிறோம். சக்கரம் தன் பாதையின் கடைசியை நெருங்கினால், ஒரு கண்ணியைக் கழற்றுவதா, சங்கிலியையே மாற்றுவதா என்று அளந்து பார்த்து முடிவெடுப்போம். அந்தப் பாதையின் ஓரத்தில் ஓர் அளவுகோலைப் பற்றவைக்கச் சொல்லியிருக்கிறேன், தினமும் காலையில் கடந்து போகிறவர் ஒரு பார்வையிலேயே படித்துவிடலாம்.