பிரசவத்துக்குப் போகும் அம்மாவுக்கு விசா: எதைச் சொல்லலாம், எதை மறைக்கக் கூடாது

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. அப்பா இல்லை, என்னோடுதான் இருக்கிறார், மாதாமாதம் பென்ஷன் வருகிறது. அக்காவுக்கு வெளிநாட்டில் பிரசவம், மூன்று மாதம் கூட இருந்துவிட்டு வர ஆசைப்படுகிறார். கணக்கில் பெரிய தொகை இல்லை. அக்கா பணம் அனுப்பி, அதை அம்மா கணக்கில் போட்டுக் காட்டலாமா? பிரசவம் என்று எழுதினால் ரிஜெக்ட் ஆகிவிடும், சும்மா சுற்றிப்பார்க்கப் போவதாக எழுதுங்கள் என்கிறார் ஏஜென்ட். அது சரியா?

ஏஜென்ட் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியிலேயே ஆபத்தான பகுதி அதுதான். எழுதாதீர்கள். கவுன்டரில் "மகளுக்குக் குழந்தை இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி வந்தாலே கதை அவிழ்ந்துவிடும். சாதாரண ரிஜெக்ட் என்றால் மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் பொய் என்று பதிவாகிவிட்டால் விஷயமே வேறு. கனடா 5 வருடம் தள்ளி வைக்கும், பிரிட்டன் 10 வருடம் வரை போகும், அமெரிக்காவில் அது ஆயுள் முழுக்கத் தொடரும் தகுதியிழப்பு. ஏஜென்ட் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார், ஃபார்மில் கையெழுத்து அம்மாவுடையது.

அதோடு, மகளின் பிரசவத்துக்குத் தாய் போவது எங்கேயும் குற்றமில்லை. பிரிட்டன் அதிகாரிகளுக்கான வழிகாட்டுதலே, உறவினர் ஒருவர் குறுகிய காலம் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வதை அனுமதிக்கிறது, அது சம்பள வேலை மாதிரி ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். மற்ற நாடுகளிலும் சிக்கல் வருவது "மகள் வேலைக்குப் போவாள், பாப்பாவை நான்தான் பார்த்துக்கணும், அங்கே டே-கேர் ரொம்ப காஸ்ட்லி" என்று அம்மா வெள்ளந்தியாகச் சொல்லும்போது. அந்த வாக்கியம் அதிகாரியின் காதில் உறவாக விழாது, ஆள் வைத்த மாதிரி விழும். உங்கள் அக்கா விஷயத்தில் உண்மை என்ன? பிரசவத் தேதி இது, மருத்துவரின் கடிதம் இதோ, மருமகனும் விடுப்பு எடுக்கிறார், நான் பேத்தியையோ பேரனையோ பார்த்து, மகள் எழுந்து நடமாடும்வரை கூட இருந்துவிட்டுத் திரும்புகிறேன். அதை அப்படியே சொன்னால் போதும்.

இப்போது பணம். மொத்தமாகப் போட்டுக் காட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட் பார்க்கிறவர் கடைசி வரியில் இருக்கும் பேலன்ஸை மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் பென்ஷன் வந்திருக்கும், மின்கட்டணம், மருந்துக்கடை என்று சின்னச் சின்னதாகப் போயிருக்கும், திடீரென்று விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு இரண்டு வருடப் பென்ஷனுக்குச் சமமான ஒரு தொகை உட்கார்ந்திருக்கும். எங்கிருந்து வந்தது என்று விளக்கமில்லாத அந்த ஒற்றை வரிதான் பல மறுப்புக் கடிதங்களில் காரணமாக வந்து நிற்கிறது. கணக்கை அது இருக்கிறபடியே காட்டுங்கள். செலவு அக்காவுடையது என்றால் அக்காவுடையது என்றே எழுதுங்கள், அக்காவின் சம்பளச் சீட்டு, அவருடைய கணக்கு விவரம், அங்கே சட்டப்படி வசிக்கும் அனுமதியின் நகல், தாய்-மகள் உறவுக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ், இவை போதும்.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை, அதைப் பொறுத்துத்தான் ஸ்பான்சர் காகிதத்தின் மதிப்பு மாறும். பிரிட்டனில் உறவினர் செலவை ஏற்பது ஒப்புக்கொள்ளப்பட்ட வழி. ஜெர்மனி என்றால், செலவுக்கு நான் பொறுப்பு என்று அக்கா உள்ளூர் அலுவலகத்தில் முறையாகக் கையெழுத்திட்டு வாங்கும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று இருக்கிறது. பிரான்சில் விருந்தினரை வீட்டில் தங்கவைப்பதற்கான சான்றை நகராட்சி தருகிறது. கனடாவில் பெற்றோருக்கென்றே சூப்பர் விசா உண்டு, ஒருமுறை போனால் 5 வருடம் வரை தங்கலாம், ஆனால் அழைக்கும் பிள்ளைக்குக் குறிப்பிட்ட வருமானம் இருக்கவேண்டும், குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். மூன்று மாதத்துக்கு இவ்வளவு தேவையில்லை, சாதாரண விசிட்டர் விசாவே போதும். அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர்: சுற்றிப்பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் போகிறவர்களுக்கான பி-2 விசாவுக்கு அழைப்புக் கடிதமோ ஸ்பான்சர் பத்திரமோ கட்டாயமில்லை. கொடுத்தாலும் முடிவு அம்மாவின் சொந்த நிலையை வைத்துத்தான்.

ஏன் என்றால், அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு, இந்த விசாவுக்கு வருகிற யாரையும் அங்கேயே தங்கிவிடப்போகிறவர் என்றுதான் முதலில் கருதச் சொல்கிறது. இல்லை என்று காட்டவேண்டியது விண்ணப்பிப்பவர் பொறுப்பு. மற்ற நாடுகள் இவ்வளவு பச்சையாகச் சொல்வதில்லை, கேட்பது அதே கேள்விதான்: திரும்பி வருவாரா? மகள் அங்கே, கணவர் இல்லை, வயது 63. காகிதத்தில் பார்த்தால் அம்மாவின் நிலை கொஞ்சம் பலவீனம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஏஜென்ட் கவனிக்காத ஒரு விஷயம் உங்கள் கேள்வியின் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது: அம்மா உங்களோடு இருக்கிறார். இங்கே ஒரு பிள்ளை, ஒரு வீடு, மாதாமாதம் பென்ஷன். நீங்களும் அம்மாவும் ஒரே முகவரியில் இருப்பதற்கான சான்றைச் சேர்த்து, வீடு அம்மா பெயரில் இருந்தால் அதன் நகலையும் வையுங்கள். முன்பு எங்காவது வெளிநாடு போய்ச் சொன்ன தேதிக்குள் திரும்பியிருந்தால் பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போகவேண்டும்.

மூன்று மாதம் என்றால் எல்லா இடத்திலும் மூன்று மாதம்தான். ஃபார்மில் மூன்று, அக்காவின் கடிதத்தில் "எவ்வளவு நாள் வேண்டுமானாலும்", நேரில் அம்மா "ஆறு மாசம்" என்றால் வேறு எதுவும் சரியாக இருந்து பயனில்லை. ஷெங்கன் நாடு (ஜெர்மனி, பிரான்ஸ் மாதிரி ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகள்) என்றால் இன்னும் கவனம்: எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான், காலண்டர்படி மூன்று மாதம் எண்ணினால் 92 ஆகிவிடலாம். அங்கே குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம். கட்டாயமில்லாத நாட்டுக்கும் எடுத்துவிடுங்கள், ஆனால் சர்க்கரை, பிரஷர் மாதிரி ஏற்கெனவே இருப்பவற்றை அந்தப் பாலிசி ஏற்கிறதா என்று படித்துப் பார்த்து எடுக்கவேண்டும், பலதும் ஏற்பதில்லை.

பிரசவத் தேதி காத்திருக்காது. ஷெங்கனுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம், பிரிட்டனுக்கு 3 மாதம் முன்பிருந்து. அமெரிக்கா என்றால் இன்று இரவே இன்டர்வியூ காத்திருப்பு எவ்வளவு என்று பாருங்கள், சில இடங்களில் மாதக்கணக்கில் போகும். விசா கையில் வரும்வரை டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள், முன்பதிவு மட்டும் போதும்.

இன்டர்வியூ இருந்தால், அது இரண்டு மூன்று நிமிடம்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் திரையில் ஃபார்மைப் பார்த்துக்கொண்டே கேட்பார், அம்மா மார்போடு அணைத்துக்கொண்டு போன ஃபைலைத் திறக்கச் சொல்லாமலே முடிந்துவிடலாம். ஆகவே ஃபார்மை நிரப்புவது யாராக இருந்தாலும் ஒவ்வொரு பதிலையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். மகள் எங்கே வேலை, எந்த ஊர், யார் செலவு, எப்போது திரும்புவீர்கள், இந்த நான்கும் தடுமாறாமல் வந்தால் போதும், மனப்பாடம் வேண்டாம். அக்கா அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, அம்மாவுக்குக் கிரீன் கார்டு மனு ஏதும் போட்டிருந்தால், அந்நாட்டு விசா விண்ணப்பமான டிஎஸ்-160 ஃபார்மில் அதைக் கேட்பார்கள், "ஆம்" என்றே எழுதவேண்டும்.

ஒருவேளை மறுத்துவிட்டால், 214(பி)-க்கு அப்பீல் கிடையாது, மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் அதே காகிதத்தோடு அடுத்த வாரம் போனால் கட்டணம்தான் தண்டம். பிரிட்டன் காரணத்தை எழுதியே தரும், ஒவ்வொரு காரணத்துக்கும் ஆதாரம் சேர்த்துப் புதிதாகப் போடுங்கள். ஷெங்கன் மறுப்புக்கு அப்பீல் உண்டு, கெடு அந்தக் கடிதத்திலேயே இருக்கும்.

கிடைத்துவிட்டால் ஒரு வேலை மிச்சம். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் கடைசித் தேதிதான் தங்கும் தேதி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் அதை விமான நிலைய அதிகாரிதான் முடிவு செய்வார், ஐ-94 என்ற வருகைப் பதிவில் அது இருக்கும். அம்மா இறங்கிய அன்றே அக்கா அதை ஆன்லைனில் எடுத்துப் பார்த்து, திரும்பும் டிக்கெட் அந்தத் தேதிக்கு முன்னால்தான் இருக்கிறதா என்று சரிபார்க்கட்டும்.