குடி, மாத்திரை, கூல் லிப்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வீட்டுக்காரர் தினமும் இரண்டு குவார்ட்டர் குடிப்பார். தூத்தூர் போட்டில் ஆழ்கடலுக்குப் போனால் கிடைக்காது, தானாக நின்றுவிடும் என்கிறார். சரியா?

வேண்டவே வேண்டாம். தினமும் குடிக்கும் உடம்பில் சரக்கு திடீரென்று நின்றால் 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை சிலருக்குப் புத்தி தடுமாறும்: பூச்சி ஊர்வதாகத் தட்டுவார், வெறுங்கையால் வலை இழுப்பார். நடுக்கடலில் இந்த நிலையில் எழுந்து நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம்.

தொழிலுக்குப் போகுமுன் பத்து நாள் ஒதுக்கி ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். நடுக்கத்துக்கான மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் (பி1) ஊசியும் போடுவார்கள். தயமின் போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம், அதனால் குடிப்பழக்கத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள். சேரும்வரை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லி நெருக்கவும் வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு, வாயில் துணி எதுவும் கூடாது.

அவருக்குத் தெரியாமல் குடிநிறுத்த மாத்திரையைச் சாயாவில் கலக்கலாமா?

கூடாது. டைசல்ஃபிரம் என்ற அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் தாங்கமாட்டார். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை இந்த ஆபத்து உண்டு. தெரிந்து, சம்மதித்து, ஈரல் பரிசோதனை முடித்தவருக்கே அது. நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும் அரிஷ்டத்திலும் ஆல்கஹால் உண்டு, அதையும் தவிர்க்க வேண்டும்.

மகன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிறான். கண்டுபிடித்துவிட்டோம், இனி?

அது பெரும்பாலும் டேபன்டடால். மாத்திரையில் மருந்தோடு டால்க்கும் மாவும் இருக்கின்றன. அவை கரையாமல் நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைக்கும். தவறி தமனியில் ஏறினால் விரல் கறுத்து அழுகும். எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி மூன்றுக்கும் ரத்தம் பாருங்கள்.

அடைத்துவைத்து நிறுத்தினால் உடம்புவலி, வயிற்றுப்போக்கோடு போகும், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆபத்து பிறகுதான். சில வாரம் விட்டவன் பழைய அளவையே மறுபடி போட்டால் மூச்சு நின்றுவிடும், உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்திருக்கும். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, உதடு நீலமாகி, மூச்சு இழுத்து இழுத்து வந்தால் உடனே 108. அந்த மருந்தை முறிக்கும் நலோக்சோன் ஊசியில் எழுந்து உட்கார்ந்தாலும் வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். ஒரு மணி நேரத்தில் அதன் வேலை குறைந்து மறுபடி மயங்கலாம்.

பள்ளிக்கூடப் பையன் கூல் லிப் வைக்கிறான். புகையில்லையே?

உதட்டுக்குள் வைக்கும் அந்தச் சின்னப் பொதியில் புகையிலை இருக்கிறதே! உதட்டை மடித்துப் பாருங்கள்: பொதி வைக்கும் இடத்தில் வெள்ளைத் தடம் இருந்து, நிறுத்தி இரண்டு வாரத்திலும் மாறாவிட்டால் பல் டாக்டரிடம் போங்கள். பாக்கு மசாலாவும் போட்டால் அவனுடைய மூன்று விரலைச் சேர்த்து வாயில் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லையென்றால் தசை இறுகத் தொடங்கிவிட்டது, இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம்.